ஒரு வீட்டு நீளம்

கேட்டை மூடி, கேட்டைத் திறந்து
பத்தொன்பது வருஷம்.
உட்கார்ந்த இடத்திலிருந்தே
ஊரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.
பால் வண்டி, கல்யாண வேன், ஆட்டு மந்தை
எல்லாம் என் கம்பிக்கு அந்தப்புறம்.
என் ரத்தத்துக்குள்ளும் அப்படியொரு வரிசை
நிற்பது தெரியாது.

ரயில்வே சோதனைக்கு மதுரைக்குக் கூப்பிட்டார்கள்.
வெறும் வயிற்றில் நூற்று எழுபத்திரண்டு.
மூன்று மாதச் சராசரி எட்டு புள்ளி மூன்று.
தகுதிச் சீட்டு ஆறு மாதத்துக்குத்தான் என்று எழுதிவிட்டு
டாக்டரம்மா பேனாவை மூடினார்.

"சர்க்கரை போய்ச் சேர வேண்டிய இடம் தசை.
உங்க தசை கேட்டைச் சாத்திட்டு உட்கார்ந்திருக்கு.
இன்சுலின் சாவியோட வந்து தட்டுது, காதுல விழலை.
தசை வேலை செஞ்சா
சாவி இல்லாமலே கொஞ்சம் திறக்கும், சாத்தையா."
வெளியே இருபது பேர் இருக்க
என் பாஷையில் அவர் சொன்னது அவ்வளவுதான்.
ஈசிஜி பார்த்தார். மாத்திரை எழுதினார். அதற்குக் கீழே:
கொஞ்சம் வேகம், அதைப்போல் இரண்டு மடங்கு மெதுவு, எட்டுத் தடவை.

கடிகாரத்தை டூட்டியிலேயே பார்த்துத் தீர்த்தாயிற்று.
கானாடுகாத்தானில் அளவுக்கா பஞ்சம்?
முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்ததில்,
நடுவில் ஆளில்லாமல்
நீட்டிப் படுத்த சுவர்.
ஒரு வீடு ஓட்டம்.
இரண்டு வீடு நடை.

முதல் நாள் மூன்றாவது சுவரோடு முடிந்தது.
குனிந்து, முட்டியைப் பிடித்து,
செம்மண்ணில் என் வியர்வை விழுவதைப் பார்த்தேன்.
காவல்கார பொன்னழகு டார்ச் அடித்தார்:
"சாத்தையாவா? யாரு துரத்துறா?"
நாய்கள் பதில் சொல்லிக்கொண்டே வந்தன.

அடுத்த ஷிப்ட் செசிலி ஓட மாட்டாள், முட்டி வலி.
ஊருணியைச் சுற்றி முக்கால் மணி நேரம் ஒரே வேகம்,
சென்னைத் தங்கச்சியோடு போனில் சண்டை போட்டபடி.
பேச முடியும், பாட முடியாது.
அதுதான் சரியான வேகமாம்.

சார்ஜ் மாற்றும்போது தினமும் வம்பு.
"என் வேலை அரை மணியில முடிஞ்சிரும்."
"ரயிலா பிடிக்கப் போற?
இதயத்துக்கு எதுக்கு இந்த அவசரம்?"

ஓடும்போது இதயம் எவ்வளவு ஏறுகிறது என்பதில்
எனக்கு அக்கறை போய்விட்டது.
நின்ற பிறகு, மணிக்கட்டில் விரல் வைத்து,
ஒரு நிமிஷத்தில் எவ்வளவு இறங்குகிறது?
மாசியில் பன்னிரண்டு.
ஆனியில் இருபத்தாறு.
யாரிடமும் சொல்லவில்லை.
டூட்டி நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

இடையில் சித்திரை. அக்கா மகள் கல்யாணம்.
பதினொரு நாள் ஓடவில்லை.
கவுனி அரிசி, பால் பணியாரம்,
வேண்டாமென்றால் அக்கா முகம் சுருங்கும்.
பன்னிரண்டாம் நாள் விரல் குத்திப் பார்த்தால்
நம்பர் பழைய வீட்டுக்கே குடி திரும்பியிருந்தது.
மூன்று மாத ஓட்டத்தைச் சேர்த்து வைத்திருப்பேன் என்று
உடம்பு எப்போது சொன்னது?

ஆறாம் மாதம் இருவரும் ஒரே பஸ்ஸில் மதுரை போனோம்.
எனக்கு ஏழு புள்ளி ஒன்று, அவளுக்கு ஆறு புள்ளி ஒன்பது.
எனக்கு மூச்சு நீண்டிருந்தது,
அவளுக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது.
யார் ஜெயித்தது என்று திருப்பத்தூர் வரை பேசினோம்.
அதற்குப் பிறகு தூங்கிவிட்டாள்.

இன்று காலை நாலாவது வீடு இல்லை.
லாரியில் தேக்குத் தூண்கள், கயிறு கட்டி.
சுவர் இருந்த இடத்தில் ஒரேயடியாய் வானம்.
ஓட்டத்தை எங்கே முடிப்பது,
நடையை எங்கே தொடங்குவது?
கால் கேட்கவில்லை.
அந்த வெட்டவெளியையும் சேர்த்து
ஓடினேன்,
ஐந்தாவது சுவர் வரும்வரை.